பிளாஸ்டிக்கா பலகையா

நான் இருக்கிற வீடு என்னுடையது அல்ல. யாரும் பறித்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊர் நடைமுறை அது. மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு இது, நாளை மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணின் தாய் தகப்பன் நல்ல அறைகளை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒதுங்குவார்கள். நானும் அப்படி ஒரு மாப்பிள்ளையாகத்தான் இந்த வாசலில் கால் கழுவி உள்ளே வந்தேன். பிறகு ஓடு மாற்றினேன், மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், கிணற்றைத் தூர் வாரினேன். வருகிறவர்களிடம் "என்ரை வீடு" என்று சொல்லிச் சொல்லி, அதை நானே நம்பவும் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் நிரந்தரமாக ஒரு ஸ்லொட் கார் பாதை, பொம்மைக் கார் ஓட்டுகிற பாதை, போடுவதென்றால் பிளாஸ்டிக் பாதை நல்லதா, பலகைப் பாதை நல்லதா என்று இணையத்தில் ஆட்கள் பக்கம் பக்கமாகச் சண்டை பிடிக்கிறார்கள். இடம் எவ்வளவு, கார் எந்த அளவு, காருக்கு அடியில் காந்தம் வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். வீடு உன்னுடையதுதானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

லண்டனில் இருக்கிற என் தம்பி கடைசியாக வந்தபோது ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனான். அவனுடைய பிள்ளைகள் விளையாடிக் கைவிட்ட சாமான். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று கொழுவினால் ஒரு பாதை வரும். பாதையின் நீளத்துக்கும் ஒடுங்கிய பள்ளமாக இரண்டு தவாளிப்பு. ஒவ்வொன்றின் இரு கரையிலும் மின்சாரம் ஓடுகிற மெல்லிய தகடு. காரின் அடியில் உள்ள முனை தவாளிப்புக்குள் இறங்கி நிற்கும். கையிலுள்ள விசையை அமத்தினால் கார் ஓடும், கூடுதலாக அமத்தினால் பாதை வளைகிற முடக்கில் பாய்ந்து கவிழும். திருப்புகிற வேலை நமக்கு இல்லை, வேகம் மட்டும்தான் நம் கையில். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்று, பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது. முதல் நாளே பைத்தியம் பிடித்துவிட்டது.

மகளுக்கும் பிடித்தது. பிரதேச அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள், எங்களுக்கு ஒரே பிள்ளை. வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துத் தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குச் சிவப்புக் கார், எனக்கு நீலம். அவள் முடக்குக்கு முன்பே விரலை எடுத்துவிடுவாள், நான் கடைசி மட்டும் அமத்திப் பிடித்துக் கவிழ்வேன். பாரந்தூக்கி ஓட்டின ஆளா நீங்கள், எத்தனை கப்பலைக் கவிழ்த்தீர்கள் என்று கேட்டுச் சிரிப்பாள். அவளோடு நான் அவ்வளவு சிரித்துப் பேசியது அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அப்போதுதான்.

ஆனால் கூடத்துத் தரை சரிப்பட்டு வரவில்லை. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கதவைப் பூட்டி வைத்தாலும் மணல் எங்கிருந்தோ வந்து தவாளிப்புக்குள் இறங்கிவிடும். உப்புக் காற்றில் தகடு கறள் பிடிக்கும், நான் மண்கடதாசி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன். துண்டும் துண்டும் பொருந்துகிற இடங்களில் மின்சாரம் அறுந்து கார் திக்கித் திக்கி ஓடும். ஒவ்வொரு நாளும் கழற்றிப் பெட்டியில் வைக்காவிட்டால் மனைவி மிதிப்பார். ஒருமுறை மிதித்து, கையில் கொண்டுவந்த சொதிச் சட்டியோடு விழப்பார்த்தார். "வயசு போன காலத்தில உங்களுக்கு இதொரு கேடு" என்றார். அதில் கோபத்தை விடச் சிரிப்புத்தான் கூட இருந்தது.

நிரந்தரமாக ஒன்று போடுவது என்று முடிவெடுத்தேன். இடம், முன்னறை. தெருப்பக்கம் தனிக்கதவு உள்ள அறை அது. பழைய சைக்கிள், அரிசி மூட்டை, இஸ்திரிக்கை போடும் மேசை என்று கண்டதையும் போட்டு வைத்திருந்தோம். எல்லாவற்றையும் அகற்றி அறையைக் கழுவினேன். மகள் ஒரு பெரிய கடதாசியில் பாதை கீறினாள். எங்கள் துறைமுகத்தின் கரை எப்படி வளைந்து வளைந்து போகிறதோ அதே வளைவு. ஒரு முடக்குக்குச் சீனன்குடா என்று பெயர் வைத்தாள், இன்னொன்றுக்கு உப்புவெளி. நீண்ட நேர் ஓட்டத்துக்குக் கிண்ணியாப் பாலம் என்று பெயர். எல்லாம் எங்கள் பக்கத்து இடங்கள்.

அந்த வளைவுகளுக்குக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் துண்டு சரிவராது. பலகையில்தான் வெட்ட வேண்டும். எம்.டி.எஃப். பலகையில் ரவுட்டர் மெசினால் தவாளிப்பு வெட்டி, இரு கரையிலும் செப்பு நாடா ஒட்டினால் பொருத்தே இல்லாத பாதை கிடைக்கும். மாரி காலத்தில் பலகை ஊதும்தான். பூச்சு ஒழுங்காகப் பூசினால் சமாளிக்கலாம். ஒரே ஒரு குறை, வெட்டினால் வெட்டினதுதான். கழற்றிப் பெட்டியில் போட ஏலாது. "பலகைதான் அப்பா, வேற கதையே இல்லை" என்று மகள்தான் முதலில் சொன்னாள். அவள் சொன்னாள் என்று இப்போது எழுதும்போதே, பழியில் கொஞ்சத்தை அவள் பக்கம் தள்ளப் பார்க்கிறேனோ என்று எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

பலகையைத் தாங்குவதற்குச் சுவரில் சட்டம் அடிக்கத் துளையிட்டேன். ஓரிடத்தில் துளைப்பான் கல்லைத் தொடாமல் மெத்தென்று இறங்கியது. பழைய மரக்கட்டை, சுண்ணாம்புக்குள் மறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதே உயரத்தில் இன்னும் இரண்டு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது அப்பான்ரை மீன் தொட்டி நிண்ட இடம்" என்றார். மாமா இந்த அறையில் நிறைய மீன் வளர்த்தவராம், தொட்டிக்குப் பக்கத்திலேயே படுப்பாராம். எனக்கு அவரைத் தெரியும், அந்தத் தொட்டியையும் தெரியும். நான் மாப்பிள்ளையாக வந்த காலத்தில் அது கொல்லையில் சரிந்து கிடந்தது, உள்ளே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அது ஏன் கொல்லைக்குப் போனது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. முன்னறையில் மெத்தைக் கட்டிலில் நன்றாக நித்திரை கொண்டேன். அந்தக் கட்டைகளிலேயே என் சட்டத்தையும் இறுக்கினேன், உறுதியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சம்பந்தம் வந்தது. சாம்பல்தீவுப் பொடியன், மூதூரில் படிப்பிக்கிறார். தரகர்தான் கொண்டுவந்தார் என்றாலும் அது பேருக்குத்தான். ஏதோ அலுவலாக மகளின் அலுவலகத்துக்கு வந்துபோன இடத்தில் இருவரும் முன்பே பேசிப் பழகியிருந்தார்கள். அவளுக்கு விருப்பம் என்று மனைவி எனக்குச் சொன்னார். எனக்குச் சந்தோசம். அதில் பொய் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வீடு பார்க்க வந்தார்கள். தாய்தான் பேசுகிறவர், தகப்பன் தேத்தண்ணி குடிக்கிறவர். தாய் கிணற்றை எட்டிப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், முன்னறைக்கு வந்து நின்றார்.

"நல்ல வசதி. றோட்டுப் பக்கம் கதவும் இருக்கு. எங்கட மகன் பின்னேரத்தில ரியூசன் குடுக்கிறவர், படிக்க வாற பிள்ளையள் வீட்டுக்குள்ளால வராமல் இதாலையே வந்து போகலாம்" என்றார். பிறகு, சட்டத்தின்மேல் இன்னும் வெட்டாமல் கிடந்த பலகையைத் தட்டிப் பார்த்தார். "இதென்ன அண்ணை, கட்டில் ஏதும் செய்யிறீங்களோ?"

"இல்லை, அது ஒரு விளையாட்டுச் சாமான்."

"பேரப்பிள்ளைக்கு இப்பவே துவங்கிட்டீங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மகள் தட்டோடு வாசலில் நின்றாள், அவள் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப கலியாணத்துக்குப் பிறகு இந்த அறையை எங்கட ரெண்டு பிள்ளையளுக்கும் விடுவீங்கள்தானே?" என்று அந்தத் தாய் கேட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும். எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை, கேட்பது ஒரு மரியாதை, ஓம் என்பது இன்னொரு மரியாதை. நான் "யோசிச்சுச் சொல்லி அனுப்புறம்" என்றேன்.

அவர்கள் படலையைத் தாண்டியதுதான் தாமதம், மனைவி பிடித்துக்கொண்டார். "யோசிக்க என்ன கிடக்கு? என்ரை அப்பா யோசிச்சவரோ?"

"சொல்லுவம். ஆடி பிறக்கப்போகுது. ஆடிக்குள்ள நல்ல காரியம் கதைக்கக் கூடாது. ஆவணியில சொல்லி அனுப்புவம் எண்டு தரகரிட்டைச் சொல்லும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் பஞ்சாங்கத்தைக் கையால் தொடாத ஆள் நான். ராகு காலத்தில் நகம் வெட்டி மாமியாரிடம் ஏச்சு வாங்கினவன். அன்றைக்குத் திடீரென்று ஆடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் கிடைத்தது என்றுதான் எனக்குள் ஓடியது. மகளுடைய நல்ல காரியம் ஒரு மாதம் பிந்துகிறதே என்று ஓடவில்லை. எவ்வளவு அற்பமான ஆள் நான் என்று அந்த நேரத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஆடியில் ஒரு பின்னேரம், கூடத்துத் தரையில் இருவரும் பிளாஸ்டிக் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மகள் காரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, பிளாஸ்டிக்கே போட்டிடுவமோ?" என்று கேட்டாள்.

பலகைக்காக இத்தனை நாள் வாதாடிய பிள்ளை கேட்கிறாள்.

"ஏன், உனக்குப் பலகைதானே விருப்பம்?"

"விருப்பம்தான். ஆனா பிளாஸ்டிக் எண்டால் எங்கையும் கொண்டுபோகலாம். பின் விறாந்தையிலும் போடலாம். தேவையில்லாத நேரம் கழட்டியும் வைக்கலாம்."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரிப் பதில் சொன்னேன். பொருத்துகளில் மின்சாரம் அறுவதைச் சொன்னேன். தகடு கறள் பிடிப்பதைச் சொன்னேன். பின் விறாந்தையில் சாரல் அடிக்கும் என்றேன். கடையில் விற்கிற துண்டுகளில் சீனன்குடா முடக்கு வராது என்றேன். ஒன்றும் பொய் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டு, "ஓம், அதுவும் சரிதான்" என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தன் அறைக்கு அவள் போனபிறகு நான் கனநேரம் அந்தத் தரையிலேயே இருந்தேன். எழும்பிப் போய்க் கதவைத் தட்டி, அறை உங்களுக்குத்தான் பிள்ளை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? எழும்பவில்லை.

அடுத்த ஆடி வெள்ளிக்கு மனைவி கோயிலுக்குப் போனார், மகள் வேலைக்குப் போனாள். தளபாடக் கடை வைத்திருக்கிற நண்பரிடம் ரவுட்டர் மெசினை இரவல் வாங்கி வந்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், பலகை நன்றாகக் காய்ந்திருக்கும், வெட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பலகைகளை ஆணியால் இணைத்திருந்தால் பிறகு பிரிக்கலாம். நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஒட்டினபிறகு அது கதவால் வெளியே போகாது என்பதும் எனக்குத் தெரியும். புழுக்கம் தாங்காமல் தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மகள் கீறின கோட்டின்மேல் மெசினை ஓட்டினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே திறமான வேலை அதுதான். மெசின் ஓரிடத்திலும் கோட்டை விட்டு விலகவில்லை.

மகள் வந்தபோது அறை முழுக்க மரத்தூள். என் புருவத்திலும் தூள். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"வெட்டிப் போட்டீங்களோ" என்றாள்.

"ஓம்."

கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, தவாளிப்புக்குள் விரலை வைத்து உப்புவெளியிலிருந்து கிண்ணியாப் பாலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். "நல்லா வந்திருக்கு அப்பா." பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்து கூட்டினாள். நான் மூலையில் நின்றேன். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், சண்டையில் ஏதாவது நல்லது நடந்திருக்கும்.

ஆவணி பிறந்தது. பூச்சுப் பூச வேண்டியிருந்தது, பூச்சுக் காய வேண்டியிருந்தது, செப்பு நாடா ஒட்ட வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லி அனுப்புவோம் என்றேன். மனைவி ஒருநாள், "அந்தப் பக்கத்தாலையும் ஒரு சத்தத்தையும் காணேல்லை" என்றார். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சட்டையைக் கொழுவிக்கொண்டு சாம்பல்தீவுக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் தகப்பன் இப்படித் தன்னந்தனியாக, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது முறை இல்லை. யாரையும் கூட்டிக்கொண்டு போகிற முகம் எனக்கு இருக்கவில்லை.

அந்தத் தாய் விறாந்தையில் கதிரை போட்டு, தண்ணீர் தந்தார். நான் குடிப்பதற்கு முன்பே சொன்னேன். "முன்னறை பிள்ளையளுக்குத்தான். அதிலை கிடக்கிற சாமானை நான் அறுத்து அகற்றிப் போடுவன்."

அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆடிக்குள்ள நல்ல காரியம் கதைக்க ஏலாது எண்டு சொல்லி அனுப்பினீங்கள். சரி, பழக்கவழக்கம் பாக்கிற குடும்பம் எண்டு சந்தோசப்பட்டம். பிறகு பாத்தால், அந்த ஆடியிலதான், அதுவும் வெள்ளிக்கிழமை, அந்த அறைக்குள்ள மெசின் ஓடினதாம். றோட்டால போன எங்கட ஆக்கள் கண்டு வந்து சொன்னவை. ஆடியில ஆரும் புது வேலை துவங்குவினமோ அண்ணை? உங்களுக்கு விருப்பமில்லை, அதை வாயால சொல்லாமல் இப்பிடிக் காட்டுறீங்கள் எண்டு நாங்கள் விளங்கிக்கொண்டம்."

"விருப்பமில்லாமல் இல்லை. மகள் பாவம், அவள்..."

"மகனும் அப்பிடித்தான் சொன்னவர். கொஞ்சம் பொறுங்கோ எண்டு நிண்டவர். ஆனா நாங்கள் வேற இடத்தில வாக்குக் குடுத்திட்டம். இனி மாத்த ஏலாது." பிறகு, "தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.

குடித்தேன்.

வீட்டுக்கு வந்து நேரே பின்கொட்டிலுக்குப் போய் மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, என்மேலே, அந்தப் பலகைமேலே, கறள் பிடிக்கிற உப்புக் காற்றின்மேலே. முன்னறைக்குப் போய்ச் சீனன்குடா முடக்கில் வாளை வைத்து அறுக்கத் தொடங்கினேன். பூச்சு உரிந்து, பல் கொஞ்சம் உள்ளே இறங்கியது. சத்தம் கேட்டு மகள் வந்தாள். சாம்பல்தீவுக்குப் போனதைச் சொன்னேன். அவர்கள் வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொல்ல வாய் வரவில்லை, அதற்குள் அவளே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அப்பா. அவர் போன கிழமையே சொல்லிப்போட்டார்."

போன கிழமை முழுக்கவும் அவள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, செப்பு நாடா ஒட்ட எனக்கு உதவி செய்தாள். நாடாவின் ஒரு நுனியை அவள் பிடிக்க, மற்ற நுனியை நான் பிடித்தேன்.

"அறுக்கிறன் பிள்ளை, இதை முழுக்க அறுத்து எறியிறன்" என்று வாளை இழுத்தேன். அவள் என் கையின்மேல் கை வைத்தாள்.

"இப்ப ஏன்?" என்றாள். "எல்லாம் இதுக்காகத்தானே போனது. இதாவது இருக்கட்டும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாளை எடுத்துக் கொட்டிலில் வைத்தேன்.

பாதை இருக்கிறது. சீனன்குடா முடக்கில் வாள் பட்ட இடத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துப் பூசினேன், ஆனாலும் மாரி தொடங்கியதும் அந்த இடத்தில் ஈரம் இறங்கி ஊதிவிட்டது. மற்ற இடமெல்லாம் கார் வழுக்கிக்கொண்டு ஓடும், அங்கே மட்டும் ஒரு துள்ளுத் துள்ளும். தெருக்கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். தரகரிடம், இனி யார் வந்தாலும் முதல் வார்த்தையாக முன்னறையைச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் யாரும் வரவில்லை. மகள் பின்னேரத்தில் வந்து சிவப்புக் காரை எடுத்து வைப்பாள். அந்தத் துள்ளுகிற இடத்துக்கு முன்பே விரலை எடுத்து, மெதுவாகத் தாண்டிப் போவாள். நான் ஒவ்வொரு முறையும் அங்கேதான் கவிழ்கிறேன், அவள் எழும்பி வந்து என் காரைத் தூக்கித் திரும்பத் தவாளிப்புக்குள் வைத்துவிடுகிறாள்.